பித்தளையின் குற்றம்

"மறுபடியும் தள்ளிப் போச்சு!" குறிப்பலகையில் ஓரமாக விழுந்த ஓட்டையைப் பார்த்த ஹார்லன், துப்பாக்கியை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேசையில் அடித்தான். "மூணு மடங்கு விலை கொடுத்து வாங்கின தோட்டாக் கூடு. எல்லாம் ஏமாத்து வேலை!"

மொன்டானாவில் மான் வேட்டை தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. பித்தளைக் கூட்டில் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்தித் தோட்டா செய்வதெல்லாம் அவன் சொந்தக் கைவேலை. போன வருஷம் அவன் சுட்ட மான், செத்து விழாமல் நொண்டிக்கொண்டே காட்டுக்குள் மறைந்தது. அதை நினைத்தால் இன்னும் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. அப்போது பழி மலிவான கூட்டின் மேல் விழுந்தது.

"அடுத்து எந்தக் கூட்டைத் திட்டப் போற?" காப்பியும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி வெர்னா கேட்டாள்.

"உனக்கென்ன தெரியும்? கூடு சரியா இருந்தாத்தான் குண்டு நேராப் போகும்."

"சரிடா மேதாவி. நேத்து நானே ஒரு தோட்டா செஞ்சேன், உன் பழைய மலிவுக் கூட்டுல. சுட்டுப் பாரு."

"அந்தக் குப்பையிலயா? இப்பவே காட்டுறேன் உன் லட்சணத்தை!"

தோட்டாவை வாங்கித் துப்பாக்கியில் போட்டான். நிதானமாகக் குறி பார்த்து விசையை அழுத்தினான்.

'டிக்' என்றது. அவ்வளவுதான், வேறு சத்தமில்லை.

ஆனால் அவன் கண்கள் இறுக மூடியிருந்தன. தோள் வெடுக்கென்று முன்னே பாய்ந்து, துப்பாக்கி முனை தரையைப் பார்த்தது.

"வெடிக்கலையே!" என்றான், துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தபடி.

"எப்படி வெடிக்கும்? நான்தான் மருந்தே போடலையே."

வெர்னா ஒரு வாய் காப்பி குடித்தாள்.

"வெடிக்காத தோட்டாவுக்கே இந்தத் துள்ளு துள்ளுறியே ஹார்லன், இதுக்கு எந்தக் கடையில கூடு வாங்கப் போற?"