ஐந்து பேருக்குத்தான் சாப்பாடு

“அண்ணே, இந்தப் புதுக் கட்டத்தை ஆடிப் பார்த்து, தப்பு இருந்தாச் சொல்லுங்க” என்றார் முதலாளி. அந்தச் சின்ன ஆபீசில் வயதில் மூத்தவர் என்பதால் முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணன்.

அவர்கள் உருவாக்கும் கூலிப்படைக் கணினி விளையாட்டு, வேலை முழுதும் முடியுமுன்பே விற்பனைக்கு வந்திருந்தது. நாம் ஒரு முறை, பூதங்கள் ஒரு முறை என்று மாறி மாறிக் காய் நகர்த்த வேண்டும். நகர்த்தியதைத் திரும்ப எடுக்கும் பட்டனே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்று சாதித்தவர் அண்ணன்தான்.

திரையில் பனிமலை. கூடாரத்தில் ஆறு வீரர்கள். சாப்பாடு ஐந்து பேருக்குத்தான்; ஒருவனை அனுப்பியாக வேண்டும்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? ஓரமா நிக்கிறானே, அவன்தான். சண்டையே போடறதில்லை. அடுத்தவன் வாள்ல எங்க விரிசல்னு பார்த்துக்கிட்டே திரியறான். தண்டச்சோறு!”

“அண்ணே, கொஞ்சம் நிதானமா…”

“அட, விடுங்க தம்பி.” ‘அனுப்பு’ என்பதைத் தட்டிவிட்டார். அந்த வீரன் தலைகுனிந்து பனிக்குள் நடந்து மறைந்தான்.

முதலாளி பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“விற்பனை படுத்துடுச்சுண்ணே. இனிமே அஞ்சு பேரைத்தான் வச்சுக்க முடியும். யாரையும் போகச் சொல்ல எனக்கு வாய் வரலை. அதான் இங்க இருக்கிற ஆறு பேரோட வேலையையும் ஆறு வீரனுக்குக் குடுத்து, உங்க கையில விட்டேன்.”

“அப்போ அவன்…”

“மத்தவங்க செஞ்சதுல தப்பு கண்டுபிடிக்கிறது இங்க யார் வேலைண்ணே?”

அண்ணனின் விரல்கள் விசைப்பலகையில், இல்லாத அந்தப் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தன.