ரோமாபுரிச் சிங்கம்

சித்தூர் மிஷன் கோயிலின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் நீரோ மன்னன் வேஷத்தை ஏசடியான் மறுத்துவிட்டார்.

“கிறிஸ்தவங்களைக் கொன்னவன் வேஷம் எங்க வம்சத்துக்கு ஆவாது, ஐயா. சிங்கத்துக்கு இரையான ரத்தசாட்சி வேஷம் குடுங்க,” என்று பாதிரியாரிடம் கேட்டு வாங்கினார்.

மேடையில் முதுகு வளையாமல் மண்டியிட்டார். உறுமிக்கொண்டு வந்த சிங்கம், அவரைக் கண்டதும் பம்மி நின்றுவிட்டது. சபை சிரித்தது. ரத்தசாட்சி சாகாமல் நாடகம் முடியாது.

“பாஞ்சு கடிடா,” என்று முணுமுணுத்தார்.

சிங்கம் குழைந்தது. “தலைக் கிறிஸ்துமஸுக்குத் திருப்பதியிலேருந்து வந்தவனைப் புடிச்சு, பாதிரியார் இந்தத் தோலைப் போத்திட்டாரு. பொண்ணு குடுத்தவரை எப்படிக் கடிக்கிறது, மாமா?”

ஏசடியான் முதுகை இன்னும் நிமிர்த்தினார்.

“சீக்கிரம் கடிங்க, மாப்ள. உங்க வீட்டாளுங்க பாத்துக்கினு இருக்காங்க. என்னை உயிரோட விட்டு மானத்தை வாங்காதீங்க.”