எதிர்வீட்டு நற்சான்று

"குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் இப்படி நடக்கறீங்க? செத்த உட்காருங்களேன்."

மனைவி சொன்னதை மொழிபெயர்ப்பாளர் காதில் வாங்கவில்லை. கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தார். அவர்கள் குடிபோக நினைத்திருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா, எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்தார். நேராக இங்கே வருவார் என்று பார்த்தால், முதலில் அங்கே விசாரிக்கிறார்!

அந்த எதிர்வீட்டுக்காரரின் தொல்லை தாங்காமல்தான் இவர்கள் வீடு மாறுவதே. வீட்டுக்குள் அவருக்குப் பெயர் சிசிடிவி. குப்பைப் பையை வெளியே வைத்தால், "நேத்து விருந்தாளியா சார்?" என்பார். அறையை மூடிக்கொண்டு வேலை பார்த்தால், கதவைத் தட்டி, "ரொம்ப நேரமா சத்தமே இல்லையே, உடம்புக்கு முடியலையா?" என்பார். ஒரு பக்கம்கூட நிம்மதியாக மொழிபெயர்க்க முடியவில்லை.

"அவர் என்ன தப்பா சொல்லப்போறார்? நீங்க ஒரு நாளாவது அவரை மூஞ்சிக்கு நேரா திட்டியிருக்கீங்களா?"

"அது வந்து..." இழுத்தார். "அந்தம்மா ஃபோன்ல என்ன சொன்னாங்க?"

"குழந்தைங்க கத்தினாக்கூட பரவால்லயாம். 'மெடில்சம்' ஆளுங்க மட்டும் ஆகாதாம். அப்படி அடுத்தவங்க விஷயத்துல மூக்கை நுழைச்சதுக்காகவே போன குடித்தனத்தைக் காலி பண்ணச் சொன்னாங்களாம். நமக்கென்ன? நாம யார் வம்புக்கும் போறதில்லையே."

"அதே வார்த்தையா சொன்னாங்க?" அவர் உடனே கதவில் காதை வைத்தார்.

"அருமையான குடும்பம் மேடம்," சிசிடிவியின் குரல். "அதிர்ந்து பேச மாட்டாங்க. சுத்தமோ சுத்தம். இவங்க போறாங்கன்னாலே எனக்கு மனசு கேக்கல."

மனைவியின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? பாவங்க அவர்."

மொழிபெயர்ப்பாளருக்கு வெட்கமாகிவிட்டது. இந்த மனிதரையா இத்தனை நாள் கரித்துக்கொட்டினோம்?

"சுருக்கமா சொல்லணும்னா," வெளியே குரல் உயர்ந்தது, "மொத்தக் குடும்பமே ரொம்ப மெடில்சம்!"

படிகளில் காலடி ஓசை விறுவிறுவென்று இறங்கிப் போனது. அடுத்த நிமிடம் இவர்கள் கதவு தட்டப்பட்டது.

"என்ன சார், அந்தம்மா பதிலே பேசாம போயிட்டாங்க?" சிசிடிவி பரிதாபமாக விழித்தார். "போன வாரம் நீங்க என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தையத்தானே சொன்னேன்! அர்த்தம் கேட்டப்போ, தங்கமான மனுஷன்னு நீங்கதானே சார் மொழிபெயர்த்துச் சொன்னீங்க?"