பருந்துக் காவல்

ஏரி மட்டும் பேசாது, மற்றதெல்லாம் பேசும் என்றிருந்த காலம். அந்த ஏரியில் வாத்துக் குஞ்சுகளுக்குப் பருந்து பயம். பருந்து தலைகாட்டினால் ஒரு காக்கை கத்தித் தீர்த்துவிடும். அந்தச் சத்தத்தில் பருந்துக்கே ஒருமுறை காது அடைத்துப் போனதாகக் கேள்வி. கூலி கிடையாது, சேவைதான்.

அந்த வருஷம் ஏரியில் மீன் கொழித்தது. "இனிமேல் காவலுக்குத் தினமும் மீன் கூலி" என்று வாத்துத் தலைவி அறிவித்தாள். காக்கை பறந்து வந்தது.

"அம்மா, கூட்டில் குஞ்சுகள் பட்டினி. அந்த வேலையை எனக்கே கொடுங்க."

"அட, உன் சேவைக்குப் போய் விலை வைக்கலாமா? அதோட, கூலி வாங்குற காவல்காரன் பார்வையா இருக்கணும்பா. கொக்கை வச்சாச்சு. வெள்ளைவெளேர்னு எப்படி நிக்கிறான் பாரு! கத்தத்தான் வராது. நீ பக்கத்துல இருந்து கத்திடு, வழக்கம்போல."

காக்கை தன் குஞ்சுகளுக்கு இரை தேடப் போய்விட்டது.

மறுநாளும் காக்கை இரை தேடப் போயிருந்த நேரத்தில் பருந்து வந்தது. கொக்கு கூலி மீனைக் கவ்விக்கொண்டு முதல் ஆளாகப் பறந்தது. இரண்டு வாத்துக் குஞ்சுகள் போயின.

தலைவி அழுதுகொண்டே எல்லோரையும் கூட்டிச் சொன்னாள்: "பார்த்தீங்களா? இந்தக் காக்கை இனத்துக்கே பொறுப்பு கிடையாது. நல்லவேளை, அவனுக்கு வேலை கொடுக்காம இருந்தேன்!"