காலுக்கு வேலையில்லை

"எழுத்தாளர்னு சொன்னீகளே, உங்க நாவல்ல விண்கலத்தை பைலட் எப்படி ஓட்டுவாரு?"

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதிகாரி கேட்டார். ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பியவர். இன்று இவர் கையெழுத்துப் போட்டால்தான் ஞானசீலன் வீட்டில் தலைநிமிர முடியும். நிமிர்ந்து நின்று பதில் சொன்னார்.

"ஸ்டியரிங், லிவரெல்லாம் பழங்காலம் சார். பைலட் மனசுல நினைச்சாப் போதும், கலம் தானாத் திரும்பும்!"

"நம்ம சிவகாசி ராக்கெட்டே குச்சி இருந்தாத்தான நேராப் போகுது?"

"அது பட்டாசு சார். இது விஞ்ஞானம்!"

"சரிதான். பைலட்டோட கையி?"

"மடியில சும்மா இருக்கும்."

"காலு?"

"காலுக்கு வேலையே கிடையாது சார்!"

"பெறகு எதுக்கு எட்டுப் போடையில மூணு வாட்டி காலை ஊனுனீக?" என்று பேனாவை மூடினார் பிரேக் இன்ஸ்பெக்டர். "லைசென்ஸ் இப்பம் கிடையாது. அடுத்த மாசம் வாங்க."

வாசலில் ஸ்கூட்டரோடு நின்ற மனைவி வினோலியா, அவர் முகத்தைப் பார்த்தாள். பின்சீட்டைத் துணியால் துடைத்துவிட்டாள்.

"ஏறுங்க. மொத பீரியடுக்குள்ள உங்களைப் பள்ளிக்கூடத்துல எறக்கிட்டு நான் ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போகணும்."