மேரியின் அண்ணன்

"உங்கம்மா பேரு வேணாம்னு சொல்லிட்டேன். மத்ததை அடி, சந்திரா."

பிளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் சந்திரகலாவின் விரல்கள் நின்றுவிட்டன.

"மாமா, உங்க பையன் வல்லரசு கல்யாண பேனர்ல ஊரே இருக்குது. மாப்பிள்ளையோட சொந்த அத்தை பேரு மட்டும் இல்லேன்னா, எங்கம்மா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கல்யாணத்துக்கு வரும்?"

"வர வேணாம். நாப்பது வருஷமா மேடை ஏறி சாமி இல்லேன்னு பேசுறேன். என் தங்கச்சி பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்துறா. மொதல் தடவை போன அன்னிக்கே வீட்டை விட்டுத் துரத்திட்டேன். இப்ப பேனர்ல ஏத்துவேனா?"

மாமா அர்ஜுனன் சாதாரண ஆள் இல்லை. 'எதை நம்பணும்னு எவனும் எனக்குச் சொல்லக் கூடாது' என்று லத்தியை ஓங்கிய அதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போனவர்.

பக்கத்து நாற்காலியில் அமெரிக்கர் தாமஸ் காத்திருந்தார். கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில் பல வருடமாக இருப்பதால் தமிழ் தெரியும். தன் வம்சத்தைத் தேடிப் பிடித்து, அதை அமெரிக்காவில் சொந்த ஊரில் நடக்கும் குடும்பக் கூட்டத்துக்கு பேனராக எடுத்துப்போக வந்திருந்தார்.

அர்ஜுனன் அவருடைய படத்தை எட்டிப் பார்த்தார். "தொப்பி போட்டிருக்காரே, யாருங்க?"

"எங்க மூதாதை நதானியேல். பியூரிட்டன்னு சொல்வாங்க, ரொம்பக் கட்டுப்பாடான கிறிஸ்தவங்க. இங்கிலாந்து ராஜா சொல்ற மாதிரி சாமி கும்பிட மாட்டேன்னு ஜெயிலுக்குப் போனார். அப்புறம் கப்பல் ஏறி அமெரிக்கா வந்துட்டார். நானூறு வருஷம் ஆச்சு."

"சாமி கும்பிட்டா என்ன, நம்ம ஆளுங்க!" அர்ஜுனன் நெஞ்சை நிமிர்த்தினார். "இவங்கல்லாம்?"

"அவரோட தம்பி, கவர்னர். மருமகன், ஜட்ஜ்."

"பதவிக்காரனை ஓரமா போடு, சந்திரா. ஜெயிலுக்குப் போனவரை நடுவுல பெரிசா போடு."

"இல்லைங்க, நடுவுல மேரி வரணும்" என்றார் தாமஸ். "நதானியேலோட தங்கச்சி."

"அந்தம்மா இன்னா பண்ணுச்சு?"

"ஊர்ல எல்லாரும் கும்பிடுற மாதிரி கும்பிட மாட்டேன்னாங்க. பனி கொட்டும்போது அவங்களை ஊரை விட்டே துரத்திட்டாங்க. அப்பவும் அவங்க பணியல. இன்னிக்கு எங்க ஊர் ஸ்கூலுக்கு அவங்க பேருதான்."

"அடேங்கப்பா! இவளல்லவா போராளி! பொம்பளையைப் பனியில துரத்துன அந்தப் படுபாவி எவன்?"

தாமஸ் திரையில் இருந்த தொப்பிக்காரரை விரலால் தொட்டுக் காட்டினார்.

அர்ஜுனன் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார்.

சந்திரகலா மாமாவைப் பார்க்கவில்லை. "சார், இவரு பேருக்குக் கீழ இன்னா போடட்டும்? ராஜாவை எதிர்த்த வீரர்னு போடவா?"

"அப்படிப் போட்டா யாருக்கும் தெரியாதும்மா. மேரியைத் துரத்தின அண்ணன்னு போடு. எங்க ஊர்ல அவரை அப்படித்தான் தெரியும்."