தொண்ணூற்றாறு

இருபத்திரண்டு பேர் எழுத வேண்டிய பரீட்சையை மேஸ்திரி ஒற்றை ஆளாக எழுதி முடித்திருந்தார்.

கணினி எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிட்டது. தொழிற்சாலையின் மூன்றாம் கூடத்தில், ஒருவரைத் தவிர மற்ற இருபத்திரண்டு பேரும் ஒரே கணினியில், சாப்பாட்டு இடைவேளைகளில், ஆளுக்கு நாலு நிமிடத்தில் ஆன்லைன் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருந்தார்கள். மொத்தம் எட்டு வீடியோ. ஒன்றைக்கூட ஓடவிடவில்லை. தப்பு விட்டதுகூட அத்தனை பேரும் அதே பதினேழாம் கேள்வியில்தான்.

மதிப்பீட்டாளருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அந்தப் பயிற்சி தேறுமா தேறாதா என்று அளந்து சொல்லத் தொழிற்சாலை வெளியிலிருந்து வரவழைத்த ஆள் அவர். பத்து நாள் கேட்டார், ஆறு நாளுக்குப் பேரம் படிந்தது. இன்று மாலை அறிக்கை முதலாளி மேசைக்குப் போக வேண்டும். போனால், திங்கட்கிழமை முதல் மற்ற நாலு கூடங்களுக்கும் இதே பயிற்சிதான். தேறியவர்கள் நேராக மெஷினில் நிற்கலாம்.

மேஸ்திரியைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். வந்தவர் உட்காரவில்லை. நாற்காலியில் எண்ணெய் ஒட்டிவிடும் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டார்.

"பார்க்காமலே பார்த்ததா டிக் போட்டிருக்கீங்க. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மனசுல கொஞ்சமாவது கூச்சம் இருக்கா?"

மேஸ்திரி மறுக்கவில்லை. வீடியோவில் வருகிற உருளை மெஷின் வேறு எவனுடையதோ என்றார். அதில் நிறுத்துகிற சிவப்பு பட்டன் வலது கைப்பக்கம். கூடத்து மெஷினில் அது இடது முழங்காலுக்குப் பக்கத்தில். அதனால், கரண்டை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஆளையும் கண்ணை மூடச் சொல்லி, முழங்காலால் ஐம்பது தடவை இடிக்க வைத்துப் பழக்கினாராம். ஆபீசுக்கு மார்க்குதானே வேண்டும், அதைத் தானே போட்டுக் கொடுத்தாராம்.

"பாடத்துல குறைன்னா எழுதி அனுப்ப வேண்டியதுதானே?"

"மூணு தடவை அனுப்பினேன் சார். மூணு தடவையும், 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு கம்ப்யூட்டரே பதில் போட்டுடுச்சு. நீங்க கூடத்துக்கு வந்து பார்த்தீங்களா?"

"எல்லாம் அறிக்கையில இருக்கு."

மதிப்பீட்டாளர் ஒரு பக்கத்தைத் திருப்பி விரலால் தட்டினார். அந்தக் கூடத்திலேயே ஒரே ஒருத்தர்தான் யோக்கியமாக எழுதியிருக்கிறார் என்றார். புதிதாகச் சேர்ந்த ஆள். எட்டு பாடத்தையும் இரண்டிரண்டு தடவை பார்த்து, தொண்ணூற்றாறு மதிப்பெண். வயதில் சின்னவர் என்றாலும் அவரைப் பார்த்து மேஸ்திரி கற்றுக்கொள்ள வேண்டும்.

"அவனுக்குக் கூடத்துல பேரே தொண்ணூத்தாறுதான் சார்."

"போன மாசம் அடிபட்டதும் அவர்தான், தெரியும். அது கவனக்குறைவு. பாடத்தைக் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல."



"புது ஆளை ஒரு மாசம் பக்கத்துல வச்சுப் பழக்குவேன் சார். தொண்ணூத்தாறு எடுத்தவனுக்குப் பழக்கம் எதுக்குன்னு ரெண்டாம் நாளே மெஷின்ல விட்டுட்டாங்க. இடது கை உருளைக்குள்ள போனப்ப, வலது கையால வலப்பக்கம்தான் தட்டினான். அங்க வெறும் தகடு. தட்டிக்கிட்டே இருந்தான். நான் எட்டாவது மெஷின்லேருந்து ஓடி வர்றதுக்குள்ள..."

மதிப்பீட்டாளர் கடிகாரத்தைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு பேரத்துக்கு வந்தார். மேஸ்திரி மறுபேச்சு பேசாமல் அறிக்கையில் கையெழுத்துப் போட்டால், அதில் மோசடிக்காக நீக்கப்பட்டார் என்பதை அடித்துவிட்டு, தானாக விலகினார் என்று எழுதித் தருவார். வேறு இடத்தில் வேலை கேட்டுப் போக அந்த ஒரு வரி உதவும்.

"என்னைத் தூக்கிக்கோங்க சார். மோசடின்னே எழுதிக்கோங்க. இந்தப் பயிற்சியை மட்டும் மத்த கூடத்துக்கு விடாதீங்க."

"அது என் கையில இல்லப்பா. அறிக்கை என்ன சொல்லுதோ அதுதான். கடைசிப் பக்கத்துல போடுங்க, போதும். படிக்கணும்னு இல்ல."

"படிக்காம போடறதுதானே சார் என் மேல இருக்கற குத்தமே."

மேஸ்திரி கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். வரிக்கு அடியில் விரலை வைத்து, நிதானமாக நகர்த்தினார். நாலாம் பக்கத்தில் விரல் நின்றது. வாய்விட்டுப் படித்தார்.

"'ஐந்தாம் கட்டம், நேரில் ஆய்வு. ஒன்பதாம் தேதி மூன்றாம் கூடம் பார்வையிடப்பட்டது. பின்னர், காயமடைந்த தொழிலாளியை மருத்துவமனையில் நேரில் கண்டு கேட்டபோது, பாடம் தெளிவாகவே இருந்தது, தவறு தன்னுடையதே என்று கூறினார்.'"

மதிப்பீட்டாளர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். "ஆமா. அவரே ஒத்துக்கிட்டாரு. அப்புறம் என்ன?"

மேஸ்திரி பேனாவை வாங்கிக்கொண்டார்.

"ஏழாம் தேதி சாயங்காலமே அவனைப் புதைச்சிட்டு வந்துட்டோம் சார். எந்த இடத்துல கையெழுத்துப் போடணும்?"